கை நீட்டலை அளக்க ஒரு பேனா பலகை: வாகாம் இன்டுவோஸ் ப்ரோ (பெரிய அளவு), ஆய்வகப் பார்வையில்

ஓவியர்களுக்கும் புகைப்படம் திருத்துபவர்களுக்கும் விற்கப்படும் பேனா டேப்லெட்டை (பேனா எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லும் தட்டையான பலகையை) மூளை ஆய்வுக் கருவியாக மதிப்பிடுவது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் ஓர் இலக்கை நோக்கிக் கை நீட்டுவதை மூளை எப்படித் திட்டமிடுகிறது, தவறினால் அடுத்த முறை எப்படித் திருத்திக்கொள்கிறது என்பதில் இன்று தெரிந்திருப்பவற்றில் கணிசமான பங்கு இப்படிப்பட்ட பலகைகளின் மேல்தான் கண்டறியப்பட்டது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் க்ளாட் கெஸ்ஸின் குழு 1990-களிலேயே டிஜிட்டைசிங் டேப்லெட்டின் மேல் கையை நகர்த்தச் சொல்லி, அசைவின் திசையையும் தூரத்தையும் மூளை தனித்தனியாகத் திட்டமிடுகிறது என்று காட்டியது. திரையில் தெரியும் கர்சரின் திசையை மட்டும் திருப்பிவிட்டால் கை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று ஜான் க்ராக்கவர் அந்தக் குழுவோடு 2000-இல் எழுதினார். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் ஐவ்ரியின் ஆய்வகத்தில் இந்த வேலைக்கு வாகாம் பலகைகளையே பயன்படுத்தினார்கள்.

இங்கே பார்ப்பது 2017-இல் வந்த இன்டுவோஸ் ப்ரோவின் பெரிய அளவு, மாடல் பிடிஎச்-860. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கர்சரைத் திருப்பும் சுழற்சிப் பரிசோதனைக்கு இது தாராளமாகப் போதும். கையைத் தள்ளவோ இழுக்கவோ வேண்டிய பரிசோதனைக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்ததும் இருக்கும் அமைப்புகளை மாற்றாமல் பயன்படுத்தினால், தரவு பார்க்க ஒழுங்காக இருக்கும், உள்ளே கோணலாக இருக்கும். எச்சரிக்கை தேவைப்படுவது இந்த மூன்றாவது விஷயத்துக்குத்தான்.

பரிசோதனை எளிமையானது. கை மறைந்திருக்கும், கர்சர் மட்டும் தெரியும். நடுவிலிருந்து 7 அல்லது 8 செ.மீ. தள்ளி வட்டமாக எட்டு இலக்குகள். கொஞ்ச நேரம் கழித்துக் கர்சரை 30 அல்லது 45 டிகிரி திருப்பிவிடுவார்கள். கை நேராகப் போனாலும் கர்சர் ஒரு பக்கமாக விலகும். பல முயற்சிகளுக்குப் பிறகு கை எதிர்ப்பக்கமாக வளைந்து பழகும். திருப்பலை நீக்கிய பிறகும் கை அந்தப் பக்கமே போகும். இந்தப் பின்விளைவுதான் கற்றல் நடந்ததற்கான சாட்சி.

முதலில் அளவு. பெரிய பலகையில் பேனா வேலை செய்யும் பரப்பு 311 × 216 மி.மீ. எட்டு செ.மீ. ஆரத்துக்கு மேலும் கீழும் 160 மி.மீ. போக, ஒவ்வொரு பக்கமும் 28 மி.மீ. மிச்சம். இது முக்கியம். இலக்கில் நிறுத்தச் சொல்லாமல் இலக்கைத் தாண்டிப் பாயச் சொல்வதே வழக்கம், நிறுத்தச் சொன்னால் கடைசி நேரத் திருத்தங்கள் வந்து கலந்துவிடும். பாயும் கை சில செ.மீ. தாண்டியே நிற்கும். நடுத்தர அளவில் பரப்பு 224 × 148 மி.மீ. மட்டும்தான். அதில் ஆரம் 6 செ.மீ.க்கு மேல் போகாது. அந்தத் தூரத்தைப் பலர் மணிக்கட்டை மட்டும் திருப்பி முடித்துவிடுவார்கள். தோளும் முழங்கையும் சேர்ந்து இயங்குவதை ஆராய நினைப்பவர் மணிக்கட்டை ஆராய்ந்ததாக முடியும். 2025-இல் வந்த புதிய பதிப்பின் பெரிய அளவு 349 × 195 மி.மீ., அகலம் கூடியிருக்கிறது, உயரம் குறைந்திருக்கிறது. ஓவியருக்கு அது நல்ல மாற்றம். வட்டமாக இலக்கு வைப்பவருக்கு உயரம்தான் எல்லை என்பதால் பழையதே மேல். பழைய இன்டுவோஸ்4 எக்ஸ்எல் (462 × 305 மி.மீ.) யாரோ பயன்படுத்தியது நல்ல நிலையில் விற்பனைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

துல்லியத்தில் குறை சொல்ல இடமில்லை. பேனாவுக்கு அறிவிக்கப்பட்ட துல்லியம் ±0.25 மி.மீ. எட்டு செ.மீ. தூரத்தில் அது ஏறக்குறைய 0.2 டிகிரிதான். ஆரோக்கியமான ஒருவரின் கை முயற்சிக்கு முயற்சி சில டிகிரி அலைகிறது, ஆகவே பலகையின் பிழை அந்த அலைவில் காணாமல் போய்விடும். வினாடிக்கு 200 முறை இடத்தைச் சொல்கிறது, அதாவது 5 மில்லிவினாடிக்கு ஒன்று. 8 செ.மீ.யை 300 மில்லிவினாடியில் கடக்கும் கையின் உச்ச வேகம் வினாடிக்கு 50 செ.மீ. அளவில் இருக்கும். அந்த வேகத்தில் இரண்டு அளவீடுகளுக்கு நடுவே 2.5 மி.மீ. இடைவெளி விழும். 8 செ.மீ. வளையத்தைக் கடந்த கோணத்தை எடுக்கும்போது, கடப்பதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு புள்ளிகளுக்கு இடையே கணக்கிட்டு எடுக்க வேண்டும். கடந்த பிறகு வந்த முதல் புள்ளியை அப்படியே எடுத்தால், வளைந்து போகும் பாதைகளில் சிறு சாய்வு சேரும்.

இனி கோணல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பலகையின் அகல-உயர விகிதம் 1.44. வழக்கமான மானிட்டரின் விகிதம் 16:9, அதாவது 1.78. பலகையை இயக்கும் டிரைவர் மென்பொருள் தானாக முழுப் பலகையையும் முழுத் திரைக்கு விரிக்கிறது. அப்போது கிடைமட்ட அசைவு செங்குத்தை விட 1.23 மடங்கு பெரிதாகிவிடும். கை 45 டிகிரியில் போனால் கர்சர் 39 டிகிரியில் போகும். 0, 90, 180, 270 டிகிரி இலக்குகளில் எதுவும் தெரியாது, மூலைவிட்ட இலக்குகளில் மட்டும் ஆறு டிகிரி பிழை நிற்கும். பங்கேற்பாளர் அதையும் சேர்த்தே கற்றுக்கொள்வார், நீங்கள் கொடுத்த 30 டிகிரியோடு கொடுக்காத ஒன்றும் கலந்துவிடும். டிரைவரில் ‘ஃபோர்ஸ் ப்ரொபோர்ஷன்ஸ்’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் விகிதம் சரியாகும். ஆனால் பலகையின் உயரத்தில் 175 மி.மீ. மட்டுமே பயன்படும், 216 மி.மீ.க்குக் காசு கொடுத்தது வீண். சரியான வழி, முழுப் பலகையைத் திரையின் ஒரு பகுதிக்கு மட்டும் ஒதுக்குவது. 24 அங்குல, 1920 × 1080 மானிட்டரில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.277 மி.மீ. அதன்படி 311 × 216 மி.மீ.க்கு 1124 × 780 பிக்சல் பகுதியை ஒதுக்கினால் கை 1 செ.மீ. நகர கர்சரும் 1 செ.மீ. நகரும். விண்டோஸில் திரை அளவுப்பெருக்கம் 125 அல்லது 150 சதவீதத்தில் இருந்தால் இந்தக் கணக்கு முழுக்கப் பிசகும், அதை முதலில் 100-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு அளவுகோல் வைத்துப் பார்த்துவிடுங்கள். பேனாவை 10 செ.மீ. நகர்த்தி, திரையில் கர்சர் நகர்ந்த தூரத்தையும் அதே அளவுகோலால் அளக்க ஐந்து நிமிடம் ஆகும். பல மாதத் தரவு அந்த ஐந்து நிமிடத்தை நம்பி நிற்கிறது.

டிரைவரில் அணைக்க வேண்டியவை இன்னும் உண்டு. பேனா ‘பென்’ நிலையில் இருக்க வேண்டும், ‘மவுஸ்’ நிலையில் அல்ல. மவுஸ் நிலையில் நகர்வு மட்டும் கணக்கில் வரும், வேகத்துக்கு ஏற்பப் பெருக்கமும் சேரும். விரல் தொடுதலைப் பலகையின் ஓரத்தில் உள்ள சுவிட்சால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உள்ளங்கை பட்டு கர்சர் தாவும். விண்டோஸ் இங்க் இயங்கினால் பேனாவை ஓரிடத்தில் அழுத்திப் பிடிக்கும்போது வலது கிளிக் வளையம் வரும். தொடக்க வட்டத்தில் கையை அசைக்காமல் வைத்திருப்பதுதான் ஒவ்வொரு முயற்சியின் முதல் படி, ஆகவே இந்த வளையம் சரியாகக் கெடுதலான நேரத்தில் வரும். பலகையின் ஓரத்துப் பொத்தான்களையும் தொடு வளையத்தையும் செயலிழக்கச் செய்யுங்கள். இடக்கைப் பங்கேற்பாளருக்காக டிரைவரில் இடக்கை அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் அது பலகையையே 180 டிகிரி திருப்பி வைக்கச் சொல்லும், ஆயங்களும் புரண்டுவிடும். அமைப்பை மாற்றாமல் பலகையை இருந்தபடியே விட்டு, கையை மட்டும் மாற்றச் சொல்வதே பாதுகாப்பு.

தாமதம் அடுத்த பெரிய விஷயம். பலகை 5 மில்லிவினாடிக்கு ஒருமுறை சொன்னாலும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் படம் மாற்றுகிறது. யுஎஸ்பி, இயங்குதளம், நிரல், மானிட்டருக்குள் நடக்கும் செயலாக்கம் எல்லாம் கூட்டினால் கைக்கும் கர்சருக்கும் நடுவே 50 மில்லிவினாடி சாதாரணமாக விழும். உச்ச வேகத்தில் அது 25 மி.மீ. பின்தங்கல். இதைப் பலகையின் குற்றமாகச் சொல்ல முடியாது, பெரும்பங்கு மானிட்டருடையது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் படத்துக்குப் படம் 6.9 மில்லிவினாடிதான். கண்ணுக்கு வரும் தகவல் தாமதமாகும்போது அறியாமல் நடக்கும் கற்றல் பலவீனமாகிறது என்பது பார்வையை ஒரு பக்கமாக விலக்கும் ப்ரிஸம் கண்ணாடிப் பரிசோதனைகள் தொட்டே தெரிந்தது. ஆகவே தாமதத்தை அளந்து, அறிக்கையில் எழுத வேண்டும். வழி எளிது. கைபேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் வசதியைப் போட்டு, கையும் திரையும் ஒரே சட்டத்தில் தெரிய, பேனாவைச் சட்டென்று நகர்த்துங்கள். கை நகரத் தொடங்கிய படத்துக்கும் கர்சர் நகரத் தொடங்கிய படத்துக்கும் இடையே எண்ணுங்கள். ஒவ்வொரு படமும் 4.2 மில்லிவினாடி. இருபது முறை செய்து சராசரியையும் அலைவையும் குறித்துக்கொள்ளுங்கள். ப்ளூடூத்தைத் தொடவே வேண்டாம், யுஎஸ்பி கம்பியையே பயன்படுத்துங்கள்.

கையை மறைப்பது எப்படி? இரண்டு வழி. மானிட்டரையே பலகைக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் படுக்கை வாக்கில், முகம் மேல்நோக்கி வைக்கலாம். மானிட்டரே கையை மறைத்துவிடும், அமைப்பும் மலிவு. இன்னொன்று, மானிட்டரைக் கவிழ்த்து மேலே தொங்கவிட்டு, நடுவில் கண்ணாடி வைப்பது. கண்ணாடிக்கும் பலகைக்கும் 15 செ.மீ. என்றால் கண்ணாடிக்கும் மானிட்டருக்கும் அதே 15 செ.மீ. இருக்க வேண்டும், அப்போதுதான் கர்சர் கை இருக்கும் தளத்திலேயே மிதப்பதாகத் தெரியும். கண்ணாடி சாதாரணமானதாக இருந்தால் பிம்பம் இரட்டையாகத் தெரியும், முன்பக்கம் பூசிய கண்ணாடி தேவை. பிம்பம் ஓர் அச்சில் புரளும் என்பதால் நிரலில் அதைத் திருப்பிப் போட வேண்டும். முதல் வழியே பெரும்பாலான ஆய்வகங்களுக்குப் போதும். எந்த வழியானாலும் ஐபிஎஸ் வகைத் திரை வாங்குங்கள், சாய்வாகப் பார்க்கும்போது டிஎன் வகைத் திரையின் நிறமும் ஒளியும் மாறிவிடும். கழுத்திலிருந்து தொங்கும் ஒரு கறுப்புத் துணி தோளை மறைக்கும். மேல்கை தெரிந்தால் கை எங்கே போகிறது என்று கண் ஊகித்துவிடும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அறை விளக்கையும் அணையுங்கள்.

பேனாவை விரல்களால் பிடிக்க விடாதீர்கள். பேனாவை எழுதுவது போலப் பிடித்தால் விரல்களே பாதி அசைவைச் செய்யும், வேகமாகப் பாயும்போது பேனா பலகையை விட்டு உயரும். சுமார் 1 செ.மீ.க்கு மேல் உயர்ந்தால் பலகைக்குப் பேனா தெரியாது, முயற்சி வீண். சாய்ந்த பேனாவின் முனைக்கும் பலகை கணிக்கும் இடத்துக்கும் நடுவே சிறு வித்தியாசமும் வரும். ஏர் ஹாக்கி விளையாட்டின் கைப்பிடி போன்ற ஒன்றின் நடுவில் துளையிட்டு, பேனாவை நேர் செங்குத்தாகச் செருகி, கைப்பிடியின் அடியில் மெல்லிய டெஃப்லான் தாள் ஒட்டுவதே நல்ல தீர்வு. பேனா முனை பலகையிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. உயரத்தில் நிற்கும்படி திருகாணியால் இறுக்கினால் உராய்வு எல்லாத் திசையிலும் ஒன்றாக இருக்கும், முனையும் தேயாது. கைப்பிடியில் உலோகம் வேண்டாம். இந்தப் பலகை மின்காந்த ஒத்ததிர்வால் பேனாவை அறிகிறது. பேனாவுக்குள் மின்கலம் இல்லை, பலகை அனுப்பும் புலத்தில்தான் அதன் சுருள் இயங்குகிறது. அருகே காந்தமோ, அடியில் இரும்பு மேசையோ இருந்தால் கர்சர் நடுங்கும். மரம் அல்லது அக்ரிலிக் போதும்.

நிரல் பக்கம் வருவோம். பரிசோதனைகளை எழுத உதவும் சைக்கோபை, சைக்டூல்பாக்ஸ் நிரல்களில் மவுஸின் இடத்தைப் படிக்கும் சாதாரணக் கட்டளையைப் படத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால், 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60 ஹெர்ட்ஸ் தரவுதான் கிடைக்கும். 200 ஹெர்ட்ஸுக்குக் கொடுத்த காசு அங்கேயே கரைகிறது. பலகையிலிருந்தே நேரமுத்திரையோடு வரும் தரவை எடுக்க வின்டேப் (விண்டோஸில் பேனா பலகையின் தரவைப் படிக்கும் இடைமுகம்) வழி இரண்டு நிரல்களிலும் உண்டு. சரியாக வருகிறதா என்று பார்க்கப் பத்து வினாடி வட்டம் போட்டு, வெவ்வேறு நேரமுத்திரையுள்ள வரிகளை எண்ணுங்கள். 2000-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சுழற்சியை எழுதும்போது வரும் பிழைகள் இரண்டுதான், இரண்டும் அடிக்கடி வரும். ஒன்று, தொடக்க வட்டத்தின் ஆயத்தைக் கழிக்காமல் திருப்புவது. அப்போது திரையின் மூலையை மையமாக வைத்துச் சுழலும், கர்சர் காணாமல் போகும். மற்றொன்று, திரையில் செங்குத்து அச்சு கீழ்நோக்கிக் கூடுவதையும் பலகையில் அது மேல்நோக்கிக் கூடலாம் என்பதையும் மறப்பது. வலஞ்சுழி இடஞ்சுழியாகிவிடும், வரைபடம் அழகாகவே இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. சோதிக்க ஒரு புள்ளி போதும். செங்குத்து மேல்நோக்கிக் கூடும் அச்சில், (0, 80) என்ற புள்ளி 30 டிகிரி இடஞ்சுழியாகத் திரும்பினால் (−40, 69.3) வர வேண்டும்.

முயற்சியின் வரிசை இப்படி இருக்கலாம். தொடக்க வட்டம் 6 மி.மீ., கர்சர் 3.5 மி.மீ. கை திரும்பி வரும்போது கர்சரைக் காட்டாதீர்கள். கைக்கும் மையத்துக்கும் உள்ள தூரமே ஆரமாக ஒரு வளையத்தை மட்டும் காட்டினால், எவ்வளவு தொலைவு என்று தெரியும், எந்தத் திசை என்று தெரியாது. கர்சரைக் காட்டினால் திரும்பும் பாதையிலும் கற்றலோ மறத்தலோ நடக்கும். மையத்திலிருந்து 1 செ.மீ.க்குள் வந்ததும் கர்சரைக் காட்டலாம். அரை வினாடி நிலையாக நின்றதும் இலக்கு. அசைவு 300 மில்லிவினாடியைத் தாண்டினால் ‘மெதுவாக உள்ளது’ என்ற ஒலி. கடைசிப் பகுதியில் கர்சரை முழுக்க மறைத்து, ‘இப்போது திருப்பல் இல்லை, எந்த உத்தியும் வேண்டாம், நேராக இலக்குக்கே போங்கள்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அந்த வாக்கியத்தைச் சொல்ல ஏன் இத்தனை வற்புறுத்தல்? 2006-இல் மாஸ்ஸோனியும் க்ராக்கவரும் 45 டிகிரி சுழற்சி கொடுத்துவிட்டு, அதை ஈடுகட்ட 45 டிகிரி தள்ளியுள்ள பக்கத்து இலக்கைக் குறிவைக்கும்படி சொல்லிவிட்டார்கள். பிழை உடனே பூஜ்யமானது. ஆனால் முயற்சிகள் தொடரத் தொடர, இலக்கில் சரியாக விழுந்துகொண்டிருந்த கை தானாகவே விலகத் தொடங்கியது. மனம் வெற்றி பெற்றாலும், கர்சர் குறிவைத்த இடத்துக்குப் போகவில்லை என்பதை மட்டும் பார்க்கும் வேறொரு பொறி உள்ளே திருத்திக்கொண்டே இருக்கிறது. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களில் அந்தப் பொறி மங்கியிருக்கும். 2014-இல் டெய்லர், க்ராக்கவர், ஐவ்ரி மூவரும் இலக்கைச் சுற்றி எண்கள் போட்டு, ஒவ்வொரு முறையும் எந்த எண்ணைக் குறிவைக்கிறீர்கள் என்று கேட்டு இரண்டையும் பிரித்தார்கள். 2017-இல் மோர்ஹெட் குழு, கை எங்கே போனாலும் கர்சர் ஒரே கோணத்தில் போகும்படி வைத்து, அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியும் கை நகர்வதைக் காட்டியது. இவை எதற்கும் கையைத் தள்ளும் ரோபோ தேவைப்படவில்லை. ஒரு பலகையும், மறைந்த கையும், நேர்மையான தாமதக் கணக்கும் போதும். இந்தப் பொருளை மனமாரப் பரிந்துரைக்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

எல்லையும் அதே அளவு தெளிவானது. 1994-இல் எம்ஐடியில் ரேஸா ஷத்மேரும் முஸ்ஸா-இவால்டியும் கையின் வேகத்துக்கு ஏற்பத் தள்ளும் விசைப்புலத்தைக் கொடுத்து, கை அதை முன்கூட்டியே எதிர்க்கக் கற்பதைக் காட்டினார்கள். அந்த வகை ஆய்வுக்கு மோட்டார் பொருத்திய கைப்பிடி வேண்டும். கனடாவின் கிங்ஸ்டனில் ஸ்டீஃபன் ஸ்காட் உருவாக்கிய கினார்ம், கேம்பிரிட்ஜில் 2009-இல் வெளியான வீபாட் போன்றவை அதற்கானவை. சட்டென்று தள்ளி, 50 முதல் 100 மில்லிவினாடிக்குள் தசை காட்டும் அனிச்சையை அளப்பதும் பலகையால் முடியாது. பக்கவாதத்தில் கை தூக்க முடியாதவருக்கு எடையைத் தாங்கும் அமைப்பு வேண்டும், இதில் இல்லை.

மவுஸ் போதாதா என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். இணையவழிப் பரிசோதனைகளில் மவுஸும் டிராக்பேடும் பயன்படுகின்றன, ஆயிரம் பேரைச் சேர்க்க அதுவே வழி. ஆனால் மவுஸ் நகர்வை மட்டும் சொல்லும், இடத்தைச் சொல்லாது. மவுஸைக் கையில் 10 டிகிரி சாய்த்துப் பிடித்தால் அதன் அச்சுகளும் 10 டிகிரி சாயும், அது பங்கேற்பாளருக்குப் பங்கேற்பாளர் மாறும். ஆய்வகத்துக்குள் ஒருவரை வரவழைக்க முடியுமென்றால் பலகையே.

ஹுயான், எக்ஸ்பி-பென் போன்றவற்றின் 254 × 159 மி.மீ. பலகைகளும் மின்கலமில்லாப் பேனாவோடு வருகின்றன. மாணவர் செய்முறை வகுப்புக்கு, 6 செ.மீ. ஆரத்தோடு, அவை தாராளம். வாங்கியதும் வட்டம் போடும் சோதனையையும் கைபேசித் தாமதச் சோதனையையும் செய்துவிடுங்கள். ஒரு தவறு மட்டும் வேண்டாம்: திரையுள்ள பேனா டேப்லெட்டை வாங்காதீர்கள். விலையும் அதிகம், கையும் கண்ணுக்குத் தெரியும். மிச்சமாகும் பணத்தில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும், உயரம் மாற்றக்கூடிய நாற்காலியும், இன்னொரு பேனாவும் வாங்குங்கள். கைப்பிடிக்குள் இறுக்கிய பேனா கீழே விழுந்து சுருள் உடைந்தால், மாற்றுப் பேனா இல்லாமல் அன்றைய பங்கேற்பாளர்கள் எல்லாரையும் திருப்பி அனுப்ப வேண்டிவரும்.